வாசகர் கேள்விகள்: எல்லைக்கு ரெண்டு பக்கமும் வக்கீல்கள்

போன இதழ்ல இந்தியாவும் பாகிஸ்தானும் வருஷத்துக்கு ரெண்டு தடவை கைதிகள் பட்டியலை மாத்திக்கறதைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதை ஒட்டி வந்த கடிதங்கள் நிறைய, அதனால இந்தத் தடவை பாகப்பிரிவினை, வாடகை அட்வான்ஸ் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு. அனுப்பினவங்க பொறுத்துக்கணும்.

கேள்வி: தெற்காசிய வக்கீல்கள் ஒண்ணு சேர்ந்து அமைதிக்கும் மனித உரிமைக்கும் பாடுபடறாங்கன்னு கேள்விப்படறேன். மாநாடு போட்டு, தீர்மானம் வாசிச்சு, குரூப் போட்டோ எடுத்துக்கறதைத் தாண்டி உருப்படியா ஏதாவது நடந்திருக்கா சார்? (வாசகர், திருநெல்வேலி)

நடந்திருக்கு சார், கைதிகள் விஷயத்துலயே நடந்திருக்கு. ஆனா அது புரியணும்னா முதல்ல சிக்கல் எங்க இருக்குன்னு தெரியணும்.

ஒருத்தர் தெரியாம எல்லை தாண்டி மாட்டிக்கறார்னு வைங்க, கோர்ட் ஆறு மாசம் தண்டனை குடுக்குது, ஆறு மாசம் முடிஞ்சதும் கதவைத் திறந்து விட்டுடுவாங்கன்னுதானே நினைப்போம், அதான் இல்ல. "இவர் எங்க நாட்டு ஆள்தான்"னு அவரோட நாடு எழுதிக் குடுக்கணும். அதுக்கு தூதரக அதிகாரி ஜெயிலுக்கு வந்து பார்க்கணும், அவர் சொல்ற ஊர், அப்பா பேர் எல்லாம் டெல்லிக்கோ இஸ்லாமாபாத்துக்கோ போகணும், அங்கிருந்து மாநில அரசு, அங்கிருந்து மாவட்டம், கடைசில ஒரு போலீஸ்காரர் அந்த கிராமத்துக்குப் போய் இப்படி ஒருத்தர் இங்க இருந்தாரான்னு விசாரிச்சு ரிப்போர்ட் எழுதி, அது மறுபடி அதே வழியா திரும்பி வரணும். நடுவுல எந்த மேஜைல பேப்பர் தூங்கினாலும் அந்த மனுஷன் உள்ளயேதான் கிடக்கணும். மனநிலை சரியில்லாதவங்க, வாய் பேச முடியாதவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க, அவங்களால ஊர் பேரைக் கூட சொல்ல முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 2007ல ரெண்டு நாடும் சேர்ந்து ஒரு நீதிபதிகள் குழு அமைச்சாங்க. ரெண்டு பக்கத்துலயிருந்தும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் நாலு நாலு பேர். இவங்க வேலை ஆபீஸ்ல உக்கார்ந்து ஃபைல் பார்க்கறது இல்ல, ரெண்டு நாட்டு ஜெயிலுக்கும் நேர்ல போய் கைதிகளைப் பார்த்துப் பேசறது. பாகிஸ்தான் நீதிபதி இந்திய ஜெயிலுக்குள்ள வந்து உக்கார்ந்து பேசறார், நம்ம நீதிபதி லாகூர்லயும் கராச்சிலயும் போய் பேசறார், கார்கில் சண்டை முடிஞ்சு பத்து வருஷம் கூட ஆகாத நேரத்துல இது நடந்திருக்கு. பெண்கள், சின்னப் பசங்க, மனநிலை பாதிச்சவங்க, வாய் பேச முடியாதவங்களை முதல்ல விடுங்கன்னு இவங்க பரிந்துரை பண்ணாங்க. 2008 மே 21ல தூதரக அணுகல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, மூணு மாசத்துக்குள்ள தூதரக அதிகாரி பார்க்க அனுமதி, தண்டனை முடிஞ்சு குடியுரிமையும் உறுதியானா ஒரு மாசத்துல விடுதலை, ஜனவரி 1, ஜூலை 1 ரெண்டு தேதியிலயும் பட்டியல் பரிமாற்றம். எழுத்துல இருக்கறபடி ஜெயில்ல நடக்கறதில்ல, உண்மைதான், ஆனா எழுத்துல ஒண்ணு இருக்கறதாலதான் வக்கீல் அதைக் கையில எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போய் கேக்க முடியுது.

கோர்ட்டுல நடந்த ரெண்டு விஷயம் சொல்றேன். 27 வருஷமா பாகிஸ்தான் ஜெயில்ல இருந்த ஒரு இந்தியருக்காக நம்ம சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு வந்துச்சு. 2011 மார்ச்ல நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும், "பாகிஸ்தானுக்கு உத்தரவு போட எங்களுக்கு அதிகாரம் இல்ல, ஆனா வேண்டுகோள் வைக்கலாம்"ங்கற பொருள்ல ஒரு உருது கவிதை வரியோட எழுதினாங்க. அடுத்த மாசமே அவர் விடுதலை. மறு வருஷம் இந்தப் பக்கத்துல அதே மாதிரி ஒண்ணு. கராச்சியைச் சேர்ந்த எண்பது வயசு வைராலஜி பேராசிரியர் கலீல் சிஷ்டி, 1992ல அம்மாவைப் பார்க்க அஜ்மீர் வந்தவர், அங்க நடந்த ஒரு குடும்பச் சண்டைல கொலை வழக்குல மாட்டி இருபது வருஷம் இங்கயே முடங்கிட்டார். 2012ல சுப்ரீம் கோர்ட் அவருக்கு ஜாமீன் குடுத்ததோட இல்லாம கராச்சிக்குப் போய்ட்டு வரவும் அனுமதிச்சுச்சு. போனவர் வருவாரான்னு கேட்டவங்க உண்டு. சொன்னபடி திரும்பி வந்தார், டிசம்பர்ல கொலைக் குற்றச்சாட்டுல இருந்து விடுதலை ஆகி ஊருக்குப் போனார். எதிரி நாட்டு கோர்ட்டை நம்பி அந்த வயசுல ஒருத்தர் எல்லை தாண்டி திரும்பி வந்தார் பாருங்க, எந்த மாநாட்டுத் தீர்மானத்தை விடவும் இதை நான் பெருசா மதிக்கிறேன்.

இன்னொண்ணும் சொல்லாம விட மனசு வரல. மும்பை இளைஞர் ஒருத்தர் இன்டர்நெட்ல பழகின ஒரு பொண்ணைத் தேடி 2012ல ஆப்கானிஸ்தான் வழியா பாகிஸ்தானோட கோஹாட்டுக்குப் போய் காணாமப் போய்ட்டார். அவரோட அம்மாவுக்காக பெஷாவர் ஹைகோர்ட்ல நின்னது காஜி முகமது அன்வர், பாகிஸ்தான் சுப்ரீம் கோர்ட் வக்கீல்கள் சங்கத்துக்கே தலைவரா இருந்தவர். அந்த வழக்குலதான், பையன் ராணுவக் காவல்ல இருக்கார், ராணுவ கோர்ட் மூணு வருஷம் தண்டனை குடுத்திருக்குன்னு 2016 ஜனவரில தெரிய வந்துச்சு. பெஷாவர் வக்கீல் ரக்ஷந்தா நாஸும் அந்தப் பையனுக்காக உழைச்சாங்க. 2018 டிசம்பர் 18ல அவர் வாகா வழியா வீடு வந்தார். அவரைத் தேடி எழுதின லாகூர் பத்திரிகையாளர் ஜீனத் ஷாஜாதி 2015ல கடத்தப்பட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல காணாம இருந்தாங்கங்கறதையும் சேர்த்து நினைச்சுப் பாருங்க, அந்த ஊர்ல இந்தியனுக்காகப் பேசறதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்னு புரியும்.

நீதிபதிகள் குழு கடைசியா கூடினது 2013 அக்டோபர்ல. 2018ல மறுபடி தொடங்கலாம்னு பேச்சு வந்துச்சு, வேலை தொடங்கல. இது எனக்கு ரொம்ப வருத்தம்.

கேள்வி: எதிரி நாட்டுக்காரனுக்கு நம்ம வக்கீல் எதுக்கு வாதாடணும்? தேசப்பற்று கொஞ்சம் கூட வேண்டாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

ஐயா, உங்க கோபம் புரியுது. ஆனா நம்ம அரசியல் சட்டத்தோட 21வது பிரிவை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, எந்த "குடிமகனோட" உயிரையும்னு அதுல எழுதல, எந்த "நபரோட" உயிரையும் சுதந்திரத்தையும்னுதான் எழுதியிருக்கு. 22வது பிரிவு வக்கீல் வச்சுக்கற உரிமையைக் குடுக்குது, சாதாரண வழக்குல கைதான வெளிநாட்டுக்காரருக்கும் அது உண்டு. சட்டம் எழுதினவங்க எதிரி நாட்டு ஆளை மறந்துட்டாங்கன்னு சொல்ல முடியாது, பிரிவினை ரத்தம் காயாத நேரத்துல உக்கார்ந்து எழுதினவங்க அவங்க.

நம்ம கோயமுத்தூர்லயே ஒரு சம்பவம் உண்டு. வக்கீலுக்கும் போலீஸுக்கும் தகராறு, உடனே அங்க இருந்த வக்கீல் சங்கம், போலீஸ்காரங்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2010 டிசம்பர்ல, இந்த மாதிரி தீர்மானம் எந்தச் சங்கம் போட்டாலும் சட்டவிரோதம், செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. எவ்வளவு கேவலமான குற்றம் சாட்டப்பட்டவரா இருந்தாலும் அவருக்கு ஒரு வக்கீல் உண்டு, அதான் தொழில் தர்மம். 1990ல ஹவானால ஐ.நா. ஏத்துக்கிட்ட வக்கீல்கள் பத்தின கோட்பாடுகள்லயும் 18வதா இதோட அடுத்த பாதி இருக்கு, கட்சிக்காரர் செஞ்சதை வக்கீல் தலைல கட்டக் கூடாதுன்னு.

கட்டினா என்ன ஆகுதுன்னு நம்ம பக்கத்து நாடுகள்லயும் நம்ம நாட்டுலயும் பார்த்தாச்சு. பாகிஸ்தான்ல மரண தண்டனைக் கைதியா இருந்த இந்தியர் சரப்ஜித் சிங்குக்காக லாகூர்ல வாதாடின அவாய்ஸ் ஷேக் மிரட்டலால நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு. 2013 மே 2ல சரப்ஜித் லாகூர் ஜெயில்ல பட்ட அடியால செத்தார், மறுநாளே ஜம்மு ஜெயில்ல ஒரு பாகிஸ்தான் கைதியை அடிச்சாங்க, அவரும் ஒரு வாரத்துல செத்தார். பழிக்குப் பழின்னு ரெண்டு வீட்டுலயும் பிணம் விழுந்ததுதான் மிச்சம். முல்தான்ல மத நிந்தனை வழக்குல மாட்டின ஒரு விரிவுரையாளருக்கு ஆஜரான ரஷீத் ரஹ்மானை 2014 மே மாசம் அவர் ஆபீஸுக்குள்ளயே சுட்டாங்க. மும்பைல பயங்கரவாத வழக்குகள்ல சிக்கினவங்களுக்காக வாதாடின ஷாஹித் ஆஸ்மியை 2010 பிப்ரவரில அவர் ஆபீஸ்லயே சுட்டாங்க. கொழும்பை எடுத்துக்கோங்க, பேச்சுவார்த்தைல தீர்வு காணலாம்னு அரசியல் சட்ட வரைவு எழுதின நீலன் திருச்செல்வம் 1999 ஜூலைல தற்கொலைத் தாக்குதல்ல கொல்லப்பட்டார், அதை விடுதலைப் புலிகள்தான் செஞ்சாங்கன்னு பரவலா நம்பப்படுது. ஆறு மாசம் கூட ஆகல, நேர் எதிர் கருத்து உள்ள இன்னொரு தமிழ் வக்கீல் குமார் பொன்னம்பலம் அதே கொழும்புல சுடப்பட்டார். ரெண்டு பேரும் நீதிமன்றத்தையும் சட்டத்தையும் நம்பினவங்க.

ஐயா, நம்ம மீனவரோ, நம்ம பையனோ அந்தப் பக்கம் மாட்டினா அங்க ஒரு வக்கீல் எழுந்து நிக்கணும்னு நாம எதிர்பார்க்கறோம் இல்லையா, அப்ப இங்கயும் ஒருத்தர் நிக்கத்தான் வேணும். ஜம்மு வக்கீல் பீம் சிங், பாந்தர்ஸ் கட்சித் தலைவரா இருந்தவர், தண்டனை முடிஞ்சும் இங்க கிடந்த பாகிஸ்தான் கைதிகளுக்காக சுப்ரீம் கோர்ட்ல வருஷக் கணக்கா வழக்கு நடத்தினார். ஜம்முல அரசியல் பண்ணவர் அதைச் செஞ்சார்னா அதுதான் தேசப்பற்றுன்னு நான் சொல்லுவேன்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் போட்ல கூலிக்குப் போறவர். சிலோன் நேவி பிடிச்சா நாங்க முதல்ல என்ன செய்யணும்? கடல்ல மீன் பிடிச்சதுக்கு ஜெயில்ல போடலாமா? (வாசகி, நாகப்பட்டினம்)

அம்மா, ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன். ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தோட 73வது பிரிவு, ஒரு நாட்டோட பொருளாதார மண்டலத்துல அனுமதி இல்லாம மீன் பிடிச்சா அபராதம் போடலாம், ஆனா தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல சிறைத் தண்டனை கூடாது, நியாயமான பிணைத்தொகை கட்டினா படகையும் ஆளையும் சீக்கிரம் விடணும்னு சொல்லுது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் மூணுமே இதுல கையெழுத்துப் போட்ட நாடுகள். ஆனா இதுல ஒரு இடறல் இருக்கு, இந்தப் பாதுகாப்பு கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால உள்ள மண்டலத்துக்குத்தான். பாக் நீரிணை ரொம்பக் குறுகலான கடல், 1974, 1976 ஒப்பந்தங்கள்ல கோடு போட்டுட்டாங்க, கோட்டைத் தாண்டின உடனே பல இடத்துல அவங்களோட உள் கடலுக்குள்ளயே போயிடறோம், அதனால 73வது பிரிவை அப்படியே தூக்கிக் காட்ட முடியறதில்ல. இலங்கைல வெளிநாட்டுப் படகுகளுக்கு 1979ல போட்ட சட்டம் இருக்கு, 2018ல அதைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு ஏத்திட்டாங்க. முதல் தடவை மாட்டினவங்களை பெரும்பாலும் ஒத்திவைச்ச சிறைத் தண்டனை குடுத்து அனுப்பிடறாங்க, அதே ஆள் மறுபடி மாட்டினா அந்தத் தண்டனை உயிர் பெறும், அதனாலதான் படகு ஓட்டறவருக்கும் ரெண்டாவது தடவை போறவருக்கும் ஆபத்து ஜாஸ்தி. வீட்டுக்காரர் கிட்ட இதை உக்கார வச்சு சொல்லுங்க.

முதல்ல செய்ய வேண்டியது: ஆதார், மீனவர் அடையாள அட்டை, படகோட பதிவு நம்பர், இதோட நகல் ஒரு செட் வீட்டுல எப்பவும் இருக்கட்டும், போன்லயும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சேதி தெரிஞ்ச உடனே மீன்வளத்துறை அலுவலகத்துல எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்குங்க. யாழ்ப்பாணத்துல இந்தியத் துணைத் தூதரகம் இருக்கு, அவங்க ஜெயில்ல போய் பார்ப்பாங்க, பேர் விவரம் சரியா போய்ச் சேர்ந்தா வேலை வேகமா நடக்கும். வழக்கு பெரும்பாலும் ஊர்காவற்றுறை, மன்னார், பருத்தித்துறை மாதிரி நீதிமன்றங்கள்ல வரும், அங்க நடக்கறது தமிழ்ல, அது நமக்கு ஒரு தெம்பு. உங்களுக்காக ஆஜராகறவங்களும் அந்த ஊர்த் தமிழ் வக்கீல்கள்தான்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காம சொல்லணும்மா. அந்த வக்கீலோட ஊர்லயே, அவர் சொந்தத்துலயே மீனவங்க இருப்பாங்க. போர்க்காலம் முழுக்கக் கடலுக்குள்ள போக விடாம கரைல உக்கார வச்சிருந்த ஜனங்க அவங்க, 2009க்கு அப்புறம் வலையைத் தூக்கிட்டுப் போனா நம்ம இழுவைப் படகு அவங்க வலையை அறுத்துட்டுப் போகுது, கடலடியை வழிச்சிட்டுப் போகுது. 2017ல இலங்கை இழுவை மடியைத் தடை பண்ணதுக்குப் பின்னால யாழ்ப்பாண மீனவர்களோட அழுகை இருக்கு. அந்த மக்களோட மனித உரிமையும் மனித உரிமைதான். 2014ல சென்னையிலயும் கொழும்புலயும் ரெண்டு நாட்டு மீனவர் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் உக்கார்ந்து பேசினாங்க, முடிவு வரல, ஆனா வழி அதுதான். ரெண்டு கரை வக்கீல்களும் சேர்ந்து, ஜெயில் வேண்டாம், கூலி ஆளைத் தண்டிக்காதீங்க, அதோட இழுவை மடியை ஒரு கால அட்டவணை போட்டு நிறுத்துங்கன்னு ஒரே மனுவா குடுத்தா அதை எந்த அரசாலயும் சுலபமா ஒதுக்க முடியாதுன்னு நினைக்கிறேன்.

கேள்வி: ஐரோப்பாவுக்கு ஸ்ட்ராஸ்பர்க்ல மனித உரிமை கோர்ட் இருக்கு. நமக்கு ஏன் இல்ல? (சட்ட மாணவர், மதுரை)

ஐரோப்பாவுக்கு மட்டும் இல்ல தம்பி, அமெரிக்கக் கண்டத்துக்கு கோஸ்டாரிகால இருக்கு, ஆப்பிரிக்காவுக்கு தான்சானியாவோட அருஷால இருக்கு. ஆசியாவுக்குத்தான் இல்ல. தென்கிழக்கு நாடுகள் 2009ல ஆசியான் மனித உரிமை ஆணையம் ஒண்ணு வச்சாங்க, ஆனா அது தனி ஆள் புகாரை விசாரிச்சுத் தீர்ப்புச் சொல்ற கோர்ட் இல்ல. தெற்காசிய நாடுகள் சேர்ந்த நம்ம சார்க் அமைப்பு 1985ல டாக்கால ஆரம்பிச்சப்பவே அதோட சாசனத்துல ரெண்டு விஷயம் எழுதிட்டாங்க, எல்லா முடிவும் ஒருமனதா எடுக்கணும், ரெண்டு நாட்டுக்குள்ள இருக்கற தகராறைப் பேசக் கூடாது. அப்புறம் எங்க மனித உரிமையைப் பேசறது? கடைசி உச்சிமாநாடு 2014 காத்மாண்டு, அதோட நின்னு போச்சு.

அரசுகள் விட்ட இடத்தைத்தான் வக்கீல்கள் பிடிச்சிருக்காங்க. 1991ல கொழும்புல நீதிபதிகளும் வக்கீல்களும் சேர்ந்து சார்க்லாங்கற சார்க் நாட்டுச் சட்டத்துறையினர் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. 2000ல ராஜஸ்தான் நீம்ரானால கூடி தெற்காசிய மனித உரிமை அமைப்பு ஒண்ணு உருவாச்சு, நம்ம முன்னாள் பிரதமர் ஐ.கே. குஜ்ராலும் லாகூர் வக்கீல் அஸ்மா ஜஹாங்கீரும் அதுக்கு முன்னால நின்னாங்க, தலைமைச் செயலகம் கொழும்புல. அஸ்மாவைப் பத்தி நீ கட்டாயம் படிக்கணும். 1980ல தங்கச்சி ஹினா ஜிலானியோட சேர்ந்து பெண்களே நடத்தற வக்கீல் ஆபீஸ் தொடங்கினாங்க, ஜியா, முஷாரஃப் ரெண்டு ராணுவத் தளபதிகளோட ஆட்சியிலயும் சிறையும் வீட்டுக்காவலும் பார்த்தாங்க, 2010ல பாகிஸ்தான் சுப்ரீம் கோர்ட் வக்கீல்கள் சங்கத்துக்கு முதல் பெண் தலைவர் ஆனாங்க. 2014ல இலங்கைப் போர்க்கால மீறல்களை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் விசாரிச்சப்ப ஆலோசகரா வச்ச மூணு பேர்ல இவங்களும் ஒருத்தர். லாகூர்ல பிறந்த பஞ்சாபிப் பெண் முள்ளிவாய்க்கால் ஜனங்களோட வாக்குமூலங்களைப் பத்தின விசாரணைக்குத் துணை நின்னாங்க. 2018 பிப்ரவரில இறந்துட்டாங்க.

கேள்வி: வக்கீல் சங்கத்துக்கு நோபல் பரிசு கிடைச்சிருக்கா? (வாசகி, ஈரோடு)

கிடைச்சிருக்கு, 2015ல. துனிசியாவுல 2013ல அரசியல் கொலைகள் நடந்து நாடே ரெண்டாப் பிளந்து நின்னப்ப, தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வக்கீல்கள் சங்கம் நாலும் சேர்ந்து கட்சிகளைப் பேச உக்கார வச்சாங்க, 2014 ஜனவரில புது அரசியல் சட்டம் வந்துச்சு. இப்ப அங்க நிலைமை மோசம், 2024 மே மாசம் வக்கீல்கள் சங்கக் கட்டடத்துக்குள்ளயே புகுந்து சோனியா தஹ்மானிங்கற வக்கீலைக் கைது பண்ணாங்க. பரிசு வாங்கின சங்கத்தோட கதவையே உடைச்சுட்டுப் போறாங்கன்னா என்ன சொல்ல.

கேள்வி: 2025 மே மாசம் சண்டையே வந்துடுச்சு. இனி இந்தியா–பாகிஸ்தான் கைதிகளுக்கு வழியே இல்லையா? (வாசகர், வேலூர்)

அந்தச் சண்டை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகறதுக்குள்ள, 2025 ஜூலை 1ல, ரெண்டு நாடும் வழக்கம்போல பட்டியலை மாத்திக்கிட்டாங்க. அட்டாரி எல்லை வாசலை மூடியாச்சு, விசா இல்ல, சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வச்சாச்சு, ஆனா இந்த ஒரு பேப்பர் மட்டும் போய் வந்துச்சு. இந்தியா குடுத்த கணக்குல 382 பொதுக் கைதிகள், 81 மீனவர்கள். பாகிஸ்தான் குடுத்த கணக்குல 53 பொதுக் கைதிகள், 193 மீனவர்கள். அந்த 193 பேர்ல பெரும்பாலானவங்க குஜராத், டையூ கரையோர ஜனங்க. பட்டியல்ல பேர் வந்துட்டா அந்த ஆள் உயிரோட எங்க கையிலதான் இருக்கார்னு அந்த நாடு ஒத்துக்கிட்டதா ஆகும், அப்புறம் அவரை இல்லன்னு சொல்ல முடியாது. வக்கீலுக்கு அது போதும், வேலையை ஆரம்பிச்சுடலாம்.

கேள்வி: நான் மூணாம் வருஷம் சட்டம் படிக்கறேன். இந்த வேலையில சேரணும்னா எங்கிருந்து தொடங்கணும்? (மாணவி, தஞ்சாவூர்)

ஜெனீவாவுக்கு டிக்கெட் தேடாதம்மா, பக்கத்துல இருக்கற ஜெயில்ல தொடங்கு. உங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய்ப் பேர் குடு. 1987 சட்டத்தோட 12வது பிரிவு காவல்ல இருக்கற யாருக்கும் இலவச சட்ட உதவி உண்டுன்னு சொல்லுது, அதுல குடிமகன்தானான்னு கேக்கல. திருச்சி சிறப்பு முகாம்லயும் புழல் ஜெயில்லயும் வெளிநாட்டுக்காரங்க இருக்காங்க, தண்டனை எப்ப முடியுது, தூதரகத்துக்குத் தகவல் போச்சா, கடிதம் எந்தத் தேதில போச்சு, இந்த மூணையும் கேட்டு எழுதி வாங்கப் பழகு, பாதி வழக்கு அதுலயே இருக்கு. வியன்னா தூதரக ஒப்பந்தத்தோட 36வது பிரிவைப் படி, பாகிஸ்தான் ராணுவ கோர்ட் மரண தண்டனை குடுத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்குல 2019 ஜூலைல சர்வதேச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பைப் படி, ரெண்டையும் சேர்த்துப் படிச்சா சட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு பிடிபடும். அதோட சிங்களம் கத்துக்கோ. இங்க தமிழ் வக்கீல்கள்ல அதைப் படிச்சவங்க ரொம்பக் கம்மி, கொழும்பு அரசு ஆபீஸ்ல இருந்து வர்ற ஒரு கடிதத்தை நேராப் படிச்சு அன்னைக்கே பதில் எழுதற வக்கீல் ராமேஸ்வரத்துல ஒருத்தர் இருந்தா எத்தனை வீட்டுக்கு உதவும்னு யோசிச்சுப் பாரு. படிப்பு முடிஞ்சதும் எழுது, யாழ்ப்பாணத்துலயும் மன்னார்லயும் எனக்குத் தெரிஞ்ச வக்கீல்களோட பேச வழி பண்ணித் தர்றேன்.